'எங்கள் ஊர்' நாடகத்தை மேடையேற்றும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நாடகக் குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்க எழுத்தாளர் தார்ன்டன் வைல்டரின் 'எங்கள் ஊர்' ('அவர் டவுன்') 1938 ஜனவரியில் பிரின்ஸ்டனில் முதன்முதலாக மேடை ஏறியது. அன்றிலிருந்து பள்ளிக்கூட அரங்கு முதல் பெரிய நாடக மன்றம் வரை அதை யாராவது எங்காவது போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். நீங்களும் போடுகிறீர்கள். மகிழ்ச்சி. நான் எழுதுவது நடிப்பைப் பற்றியோ இயக்கத்தைப் பற்றியோ அல்ல. பார்வையாளர் கையில் நீங்கள் கொடுக்கும் அறிமுகத் தாளைப் பற்றி.

அதில் பெரும்பாலும் இருப்பது இதுதான்: 1897இல் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் பிறந்தார். 1928இல் நாவலுக்கு அமெரிக்காவின் புலிட்சர் பரிசு, அப்புறம் 1938இலும் 1943இலும் நாடகங்களுக்குப் புலிட்சர். நாவல், நாடகம் இரண்டுக்குமே அந்தப் பரிசை வாங்கியவர் அவர் ஒருவர்தான். 1975இல் கனெக்டிகட்டின் ஹாம்டனில் மறைந்தார். எல்லாம் சரி. ஆனால் ஒரு மனிதர் தனியாக வந்து, தனியாக எழுதி, தனியாகப் போனதுபோல் இருக்கிறது. 'எங்கள் ஊர்' போன்ற ஒரு குடும்ப நாடகத்துக்கு இப்படி ஒரு அறிமுகம் பொருந்தவில்லை.

முதல் அங்கத்தின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை. டாக்டர் கிப்ஸ் ஊரின் போலந்துக்காரர் பகுதியில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு நடந்து வருகிறார். பேப்பர் போடும் பையன் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்க, இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறது, அவ்வளவுதான் என்கிறார். பல மேடைகளில் இந்த வரி காற்றோடு போய்விடுகிறது. எழுதியவரே இரட்டையரில் ஒருவர். கூடப் பிறந்த சகோதரன் பிறப்பிலேயே இறந்துபோனான். பிழைத்த பிள்ளை வளர்ந்து எழுதிய நாடகத்தில், ஊரின் முதல் செய்தி இரட்டைக் குழந்தைகள் பிறந்தது. இதைத் தெரிந்துகொண்டு அந்த வரியைக் கேட்பவருக்கு அது வேறு வரி.

நாடகத்தின் நாயகி எமிலியின் அப்பா வெப் உள்ளூர்ப் பத்திரிகையின் ஆசிரியர். வைல்டரின் அப்பா ஏமாஸ் பார்க்கர் வைல்டரும் மேடிசனில் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர்தான். பிறகு அமெரிக்கத் தூதரக அதிகாரியாக 1906இல் ஹாங்காங்குக்கும், அங்கிருந்து ஷாங்காய்க்கும் போனார். கண்டிப்பானவர், மதுவைத் தொடாதவர். பள்ளி நாடகத்தில் மகன் பெண் வேடம் கட்டுவதுகூட அவருக்குப் பிடிக்கவில்லை. அம்மா இசபெல்லா நேர் எதிர். கலிபோர்னியாவின் பெர்க்லியில், பெரும்பாலும் கணவர் அருகில் இல்லாமலே பிள்ளைகளை வளர்த்தார். அங்கே பல்கலைக்கழகத்தின் கிரேக்க அரங்கில் நாடகம் நடந்தால் பிள்ளைகளையும் அதில் சேர்த்துவிடுவார். நாடகத்தை அந்த வீட்டுக்குள் அழைத்து வந்தது அந்த அம்மாள்தான் என்பது என் எண்ணம். தாளில் அவர் பெயராவது இருக்க வேண்டாமா?

பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மூத்தவர் ஏமாஸ் நிவன் கவிஞர், இறையியல் பேராசிரியர், 1922இல் விம்பிள்டனில் டென்னிஸ் ஆடியவர். கடைக்குட்டி ஜேனட் விலங்கியல் படித்து, ஆம்ஹர்ஸ்டில் விலங்குகளுக்காகவும் நிலத்தைக் காப்பதற்காகவும் உழைத்தார். நடுவில் இரண்டு பெண்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடலே.

இசபெல் மூன்று நாவல்கள் எழுதினார். 1933இல் வந்த முதல் நாவலின் பெயர் 'மதர் அண்ட் ஃபோர்'. மூன்றாவது 1937இல். அண்ணனின் நாடகம் பெரும்புகழ் பெற்றது அதற்கு அடுத்த ஆண்டு. அதற்குப் பிறகு இசபெல்லிடமிருந்து நாவல் எதுவும் வரவில்லை. ஹாம்டன் வீட்டில் இருந்துகொண்டு அண்ணனின் கடிதங்களையும் தொலைபேசி அழைப்புகளையும் பதிப்பாளர் விவகாரங்களையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். வைல்டர் வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகச் சுற்றி எழுத முடிந்ததற்கு வீட்டில் இருந்த இந்தத் தங்கை ஒரு பெரிய காரணம்.

சார்லட் 1898இல் பிறந்தவர், தார்ன்டனுக்கு நேர் அடுத்தவர். சிறு வயதில் சீனாவின் சீஃபூவில் மிஷன் விடுதிப் பள்ளிக்கு அண்ணனும் தங்கையுமாகப் போனார்கள். பெரியவளானதும் கல்லூரியில் பாடம் நடத்தினார், கவிதை எழுதினார். 1936இல் ஒரு தொகுப்பு, 1939இல் இன்னொன்று. 1937இல் கவிஞர்களுக்கான ஷெல்லி நினைவுப் பரிசைக் கவிஞர் பென் பெலிட்டுடன் பகிர்ந்துகொண்டார். அதாவது அண்ணன் 'எங்கள் ஊர்' எழுதிய அதே ஆண்டில் தங்கையும் பரிசு பெற்ற கவிஞர். 1941இல் மனம் கடுமையாக நிலைகுலைந்தது. மருத்துவமனை வாசம், பிறகு அந்தக் காலத்தில் பலருக்கும் செய்யப்பட்ட அந்த மூளை அறுவை சிகிச்சை, லோபாட்டமி. 1980 வரை உயிரோடு இருந்தார். அவரது பராமரிப்புச் செலவுக்கு அண்ணன் பணம் கொடுத்தார். ஆனால் கவிஞராக அவர் திரும்பி வரவில்லை.

வைல்டரைப் பற்றிய சிறு குறிப்புகளில் சார்லட் வந்தால், மனநோயாளித் தங்கை என்று அரை வரியில் வருகிறார். இது எனக்கு ஆறவே இல்லை. மூன்றாம் அங்கத்தில் இறந்துபோன எமிலி தன் பன்னிரண்டாம் பிறந்தநாளுக்குத் திரும்பிப் போய், அடுப்படியில் வேலையாக இருக்கும் அம்மாவிடம் ஒரு நிமிடம் என்னைப் பாருங்கள் என்று கெஞ்சுகிறாள். அந்தக் காட்சிக்கு அழுகிறோம். அதை எழுதியவரின் தங்கையை நாமும் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாமே.

நாடகத்தை அதை எழுதியவரின் வாழ்க்கையோடு முடிச்சுப் போடக்கூடாது என்று சிலர் சொல்வீர்கள். நியாயம்தான். சார்லட்டை வைத்து எமிலியை விளக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. வைல்டரின் வாழ்க்கையை எழுதுவது என்று முடிவு செய்துவிட்ட தாளில் அதைப் பாதியாக எழுத வேண்டாம் என்கிறேன்.

ஆறேழு வரி போதும். அம்மா இசபெல்லா, இசபெல், சார்லட், மூவரின் பெயரும் அதில் வரட்டும். சார்லட்டின் பெயருக்கு அடுத்து கவிஞர் என்று போடுங்கள், ஷெல்லி பரிசையும் ஆண்டையும் போடுங்கள். நோயைப் பற்றியும் மறைக்காமல் எழுதுங்கள், ஆனால் அது அதற்குப் பிறகு வரட்டும். நாடகம் முடிந்து பார்வையாளரோடு உரையாடும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், அவர் கவிதைகளில் ஒன்றை வாசித்துத் தொடங்குங்கள். அடுத்த முறை தாள் அச்சுக்குப் போகும் முன் இதைச் செய்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு நாடக வாசகர்