யாளியின் முகத்தில் தும்பிக்கை எங்கே பொருந்தும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோயில் தூண்களில் நாம் காணும் யாளி ஒரு காலத்தில் தென்னாட்டுக் காடுகளில் உயிரோடு உலவிய விலங்கு என்றும், அது டைனோசர்களுக்கும் முற்பட்டது என்றும் கூறும் செய்திகள் சில ஆண்டுகளாகக் கைப்பேசிகளில் சுற்றி வருகின்றன. கணினியில் உருவாக்கிய எலும்புக்கூட்டுப் படங்களும் கூடவே வருவதால், பள்ளி மாணவர்கள் மட்டுமன்றிப் படித்த பெரியவர்களும் அவற்றை நம்பிப் பிறருக்கு அனுப்புகிறார்கள். கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தக் கூற்றை எலும்பு, தசை, பல் ஆகியவற்றைக் கொண்டு சோதித்துப் பார்ப்பது என் கடமை என்று கருதி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சிங்க உடலும் கோரைப்பற்களும், அவற்றோடு தந்தமும் தும்பிக்கையும் கொண்ட யானை யாளியை எடுத்துக்கொள்வோம். தும்பிக்கையில் எலும்பு கிடையாது. மூக்கும் மேலுதடும் ஒன்றாகி நீண்ட அந்த உறுப்பில் பல்லாயிரக்கணக்கான தசைக் கற்றைகள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அத்தனை பெரிய தசைத்திரளைத் தாங்க மண்டையோட்டில் அகன்ற பரப்பு வேண்டும். யானையின் மண்டையோட்டை அருகில் நின்று பார்த்தவர்கள், அதன் முன்பக்கத்தில் இரு கண்குழிகளுக்கும் நடுவே, கை நுழையும் அளவுக்கு ஒரு பெரிய துளை இருப்பதைக் கவனித்திருப்பார்கள். அதுதான் மூக்கின் வாயில். மத்தியதரைக் கடல் தீவுகளில் கிடைத்த குள்ள யானைகளின் மண்டையோடுகளைக் கண்ட பழங்கால மக்கள் அந்தத் துளையைக் கண்குழி என்று எண்ணியதால்தான் கிரேக்கர்களின் ஒற்றைக்கண் அரக்கன் கதை பிறந்திருக்க வேண்டும் என்று, 1914ஆம் ஆண்டில் ஓதெனியோ ஆபெல் என்ற ஆஸ்திரியத் தொல்லுயிரியல் அறிஞர் ஒரு கருத்தை முன்வைத்தார். அது சரியோ தவறோ, அந்தத் துளையைப் பார்த்த எவருக்கும் அப்படி ஓர் எண்ணம் தோன்றுவது இயல்பே.

சிங்கத்தின் மண்டையோடு இதற்கு முற்றிலும் மாறானது. அதன் மூக்கெலும்புகள் முகத்தின் முன்பகுதிவரை நீண்டிருக்க, மூக்குத் துளை வெட்டுப்பற்களுக்குச் சற்று மேலே முன்னோக்கித் திறக்கிறது. அங்கே தும்பிக்கை முளைக்க வேண்டுமானால் மூக்கெலும்புகள் குறுகி, துளை கண்களை நோக்கி மேலேறி, நெற்றி உயர்ந்து அகல வேண்டும். அவ்வளவும் நடந்து முடிந்த பிறகு அது சிங்க முகமாக இருக்காது. குட்டையான துதிக்கை உடைய டேபிர் என்ற விலங்கின் மண்டையோட்டிலேயே மூக்கெலும்பு வெகுவாகப் பின்வாங்கியிருப்பதைக் காணலாம் என்றால், தரையைத் தொடும் தும்பிக்கைக்கு எவ்வளவு மாற்றம் தேவைப்படும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

பற்களின் சிக்கல் இதைவிடப் பெரியது. யானையின் தந்தம் என்பது மேல்தாடையின் வெட்டுப்பல். அதன் நீளத்தில் ஒரு கணிசமான பகுதி மண்டையோட்டு எலும்புக்குள் புதைந்திருக்கிறது. சிங்கத்தின் கோரைப்பல்லும் ஆழமாக வேர் விட்டு நிற்பதே. இவை இரண்டும் அடுத்தடுத்து வேரூன்ற ஒரு சிங்கத்தின் தாடையில் இடம் இல்லை. மேலும், பெரிய இரையின் குரல்வளையைக் கவ்வி மூச்சடக்கிக் கொல்வது சிங்கத்தின் வழக்கம். வாய்க்கு முன்னால் தும்பிக்கை தொங்கிக்கொண்டிருந்தால் அந்தக் கடி எப்படி விழும்? அப்படியே விழுந்தாலும், உயிருக்குப் போராடும் இரையின் கொம்புக்கும் குளம்புக்கும் முதலில் பலியாவது நரம்புகள் நிறைந்த அந்தத் தும்பிக்கையாகத்தான் இருக்கும்.

யானைக்குத் தும்பிக்கை ஏன் தேவைப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கனத்த தலையைக் குட்டையான கழுத்தில் சுமந்தபடி உயரமான கால்களில் நிற்கும் விலங்குக்கு வாய் தரையை எட்டாது. புல்லும் நீரும் வாய்க்கு வந்து சேரத் தும்பிக்கை வேண்டும். நாள் ஒன்றுக்கு 150 கிலோ அளவுக்குத் தழை உண்டு, அதைப் பெருங்குடலில் நொதிக்க வைத்துச் செரிக்கும் உடல் அது. நம் யாளிக்கோ வயிறு ஒட்டி, இடை சிறுத்திருக்கிறது. சிற்பி அதற்குக் கொடுத்திருப்பது இறைச்சி தின்னும் விலங்கின் வயிறு. கழுத்தைக் குனிந்தாலே தரையைத் தொட்டுவிடும் ஊனுண்ணிக்குத் தும்பிக்கையால் ஆகும் வேலை எதுவுமில்லை.

அளவையும் பார்ப்போம். பல தூண்களில் யாளியின் காலடியில் யானை ஒரு குட்டியைப் போலச் சிறுத்து நிற்கிறது. அந்த விகிதத்தை மெய்யென்று கொண்டு ஒரு சிங்கத்தின் நீளம், உயரம், அகலம் மூன்றையும் மும்மடங்காக்கினால் அதன் எடை 27 மடங்காகும். ஆனால் கால் எலும்பின் குறுக்குப் பரப்பு 9 மடங்குதான் கூடும். அதாவது, எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் மூன்று மடங்கு பாரத்தைச் சுமக்க வேண்டும். இதனால்தான் யானையின் கால்கள் தூண்போல நேராக நிற்கின்றன, அதனால் குதிக்கவும் முடிவதில்லை. யாளியோ மடங்கிய பின்னங்கால்கள் இரண்டில் மட்டும் ஊன்றி, முன்னங்கால்களைத் தூக்கிப் பாய்கிறது.

இரு விலங்குகள் கலந்து பிறந்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். குதிரைக்கு 64 நிறப்புரிகள் (குரோமோசோம்கள்), கழுதைக்கு 62. இவ்வளவு நெருங்கிய உறவிலேயே பிறக்கும் கோவேறு கழுதை பொதுவாக மலடாகிறது. சிங்கத்துக்கு 38, ஆசிய யானைக்கு 56. கருக்களையே ஒன்றாக இணைத்தால்? கேம்பிரிட்ஜ் அறிவியலாளர்கள் செம்மறியாட்டுக் கருவையும் வெள்ளாட்டுக் கருவையும் இணைத்துப் பிறப்பித்த குட்டியைப் பற்றி 1984ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். அதன் உடலில் ஓரிடத்தில் கம்பளியும் வேறோர் இடத்தில் மயிருமாகத் திட்டுத்திட்டாகக் கலந்திருந்தனவே தவிர, தலை ஒன்றினுடையதாகவும் உடல் மற்றொன்றினுடையதாகவும் பிரிந்து நிற்கவில்லை. உயிரணுக்கள் கலக்கும் முறை அது. கழுத்தில் கோடு போட்டுத் தலையை மாற்றுவது கலைஞன் மட்டுமே செய்யக்கூடியது.

பிற நாட்டுக் கலப்புருவங்களுக்கும் இதே கதிதான். இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் காலன், குதிரை உடல் கொண்ட மனிதன் இருக்கவே முடியாது என்று உடற்கூற்றை வைத்தே வாதிட்டார். நம் கின்னரருக்குக் கையும் காலும் சிறகுமாக உறுப்புகள் ஆறு. முதுகெலும்புள்ள நிலவிலங்கு எதற்கும் நான்குக்கு மேல் இல்லை.

சங்கப் பாடல்களில் ஆளி என்ற பெயரில் யாளி வருகிறதே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். அகநானூற்றில் அது யானையைத் தாக்கி அதன் வெண்கோட்டை, அதாவது தந்தத்தைப் பறிக்கும் விலங்காக வருகிறது. அந்த வலிமையைப் பாடிய வரிகளைக் கொண்டு, பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த தூண் சிற்பத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் சான்று தேடுவது பொருந்தாது. டைனோசர்களுக்கு முற்பட்டது என்ற பேச்சோ கால வரிசையையே குழப்புகிறது. அவை அழிந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. யானையும் சிங்கமும் தோன்றியது அதற்கு வெகுகாலம் பின்னர்.

என் ஊருக்கு அருகே தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில், காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் புடைப்புச் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் காளை தெரியும். மறுபக்கத்தை மறைத்தால் யானை தெரியும். அப்படி ஒரு விலங்கு வாழ்ந்ததாக யாரும் சொல்வதில்லை. அதைப் படைத்தவனின் திறமையைத்தான் வியக்கிறோம். யாளிக்கு மட்டும் ஏன் அந்த மரியாதையை மறுக்கிறோம்? எலும்புகள் பொருந்தாத இடங்களைச் சிற்பி அறிந்திருந்தான் என்றே நான் நம்புகிறேன். சுருள் சுருளான பிடரியை எங்கே இறக்கியிருக்கிறான், தும்பிக்கையின் அடியை எந்த மடிப்பில் ஒளித்திருக்கிறான் என்று பார்த்தால் அது புரியும். பின்னங்கால்கள் தாங்க முடியாத பாரத்தை முதுகோடு ஒட்டிய தூணே தாங்குகிறது. விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது என்னும்படி சில யாளிகளின் வாய்க்குள் விட்டிருக்கும் கல் உருண்டையும் அதே கை செய்ததுதான்.

தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் ஒரு முறையேனும் யானையின் மண்டையோட்டையும் சிங்கத்தின் மண்டையோட்டையும் ஒரு யாளித் தூணின் படத்தோடு அருகருகே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விளக்கவுரை நீளமாக இருக்க வேண்டியதில்லை. மூன்று படங்களிலும் மூக்கு எங்கே தொடங்குகிறது என்று அம்புக்குறியிட்டுக் காட்டினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
கும்பகோணம்.