வெனிஸுக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

இத்தாலியில் போலோனியாவுக்குப் படிக்க வரும் தம்பி தங்கைகளுக்கு,

செப்டம்பரில் வந்து இறங்குவீர்கள். அறை தேடுவது, வரி எண் வாங்குவது, எட்டு வேலை நாளுக்குள் தபால் நிலையத்தில் பெர்மெஸ்ஸோவுக்கு, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதிக்கு, விண்ணப்பிப்பது என்று முதல் மாதம் ஓடிவிடும். அதையெல்லாம் சீனியர்கள் வாட்ஸ்அப் குழுவில் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். அதே குழுவில் ஒரு வியாழக்கிழமை ராத்திரி யாராவது கேட்பார்: "மச்சி, சனிக்கிழமை வெனிஸ் போலாமா?" அந்தக் கேள்விக்குப் பதில் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஏன் வெனிஸ், பாரிஸ் போகக்கூடாதா என்று ஊரில் கேட்பார்கள். உங்கள் டி விசா (படிக்க வருகிறவர்களுக்குத் தரும் நீண்டகால விசா) உயிரோடு இருக்கும்வரை போகலாம். விசா முடிந்து, பெர்மெஸ்ஸோ கார்டு கைக்கு வராமல், தபால் நிலைய ரசீதோடு காத்திருக்கும் மாதங்கள் எல்லோருக்கும் வரும். அந்த ரசீதை நம்பி இத்தாலியைத் தாண்டி வேறு ஷெங்கன் நாட்டுக்குப் போக முடியாது. போன வருடம் மே மாதம் நாங்கள் ஐந்து பேரும் அந்த நிலையில்தான் இருந்தோம். போலோனியாவிலிருந்து சாதாரண ரயிலில் ஃபெராரா, பாதுவா வழியாக இரண்டு மணி நேரத்தில் வெனிஸ். வேறென்ன வேண்டும்?

முதல் தப்பு, கடைசி நேரத்தில் முடிவெடுத்தது. 2024 ஏப்ரல் 25 முதல், காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களிடம் வெனிஸ் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. வருடம் முழுக்க இல்லை. 2025-இல் ஏப்ரல் 18-க்கும் ஜூலை 27-க்கும் நடுவே 54 நாட்கள், பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு. காலை எட்டரை முதல் மாலை நான்கு வரை. நான்கு நாட்களுக்கு முன்பே இணையத்தில் பதிந்தால் 5 யூரோ, பிந்தினால் 10. நாங்கள் குழுவில் ஸ்டிக்கர் அனுப்பிக்கொண்டிருந்து இரண்டு நாள் முன்புதான் பதிந்தோம். ஆளுக்கு ஐந்து யூரோ, மொத்தம் இருபத்தைந்து யூரோ வீண். அந்தக் காசுக்கு போலோனியாவின் போலோனினா பகுதியில் வங்கதேசத்துக்காரர் கடையில் எவ்வளவு அரிசி வாங்கலாம் என்று ஒருவன் ரயிலில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான்.

இன்னொருத்தன், "யாருடா செக் பண்ணப்போறாங்க" என்றான். ரயிலடிக்கு வெளியே நின்று செக் பண்ணினார்கள். கட்டாமல் சிக்கினால் 50 முதல் 300 யூரோ வரை அபராதம். வெனிஸ் இருக்கும் வெனெத்தோ மாகாணத்தில் பதிந்து குடியிருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. நமக்குக் கிடையாது, நம் போலோனியா எமிலியா-ரொமாஞ்ஞா மாகாணம். வெனிஸுக்கு முந்தைய நிலப்பகுதியான மெஸ்த்ரேயில் விடுதி எடுத்து ஓர் இரவு தங்கினாலும் விலக்குதான், ஏனென்றால் மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிக்குள் வருகிறது. ஆனால் அதற்கும் பதிந்து க்யூஆர் வாங்க வேண்டும். விடுதியில் தங்கும் வரியும் உண்டு. தேதிகள் வருடா வருடம் மாறும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டணத்தால் கூட்டம் குறைந்ததா என்று கேட்டால், என் கண்ணுக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. அதற்காக ஏமாற்றப் பார்க்காதீர்கள். கட்டிவிட்டுத் திட்டுங்கள்.

மெஸ்த்ரே தாண்டியதும் ரயில் கடற்கழியின் மேல் ஏறுகிறது. 1846-இல் திறந்த பாலம், நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எங்களில் ராமநாதபுரத்துக்காரன் ஒருத்தன் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "பாம்பன் மாதிரியே இருக்குடா, காத்துதான் பத்தல" என்றான்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். ரியால்டோ பக்கம் ஒரு சின்னப் பாலம், பெயர்கூட நினைவில்லை. ஐந்து பேரும் படியை அடைத்து நின்று ரீல் எடுத்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது டேக். பின்னாலிருந்து ஒரு குரல்: "பெர்மெஸ்ஸோ." எனக்கு வயிற்றில் ஒரு பகீர். அந்த வார்த்தையை நான் அதுவரை போலீஸ் அலுவலக வரிசையில்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். கை தானாகப் பையில் இருந்த ரசீதைத் தேடியது. திரும்பினால், எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு பாட்டி. கையில் சக்கரம் வைத்த சாமான் பை, அதிலிருந்து வெங்காயத்தாள் மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் வழி விடுங்கள் என்பதற்கும் இத்தாலிக்காரர்கள் அதே வார்த்தையைத்தான் சொல்வார்கள். நாங்கள் ஒதுங்கினோம். அவர் ஒவ்வொரு படியாகப் பையை ஏற்றினார். டக், டக், டக். தூக்கித் தரவா என்று ஒருத்தன் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

நமக்கு அது போட்டோ எடுக்கும் பாலம், அவருக்கு மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் வழி. அங்கே காரும் பஸ்ஸும் கிடையாது. எல்லாவற்றையும் கையாலோ படகிலோதான் கொண்டுபோக வேண்டும், குப்பை உட்பட. பக்கத்திலேயே காம்போ சான் பர்த்தலோமேயோ சதுக்கத்தில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. அதன் கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் ஓர் எண் ஓடும். பழைய வெனிஸில் இன்னும் குடியிருப்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான் அந்த எண். 1951-இல் சுமார் 1.75 லட்சம் பேர் இருந்த இடம் 2022-இல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. நாங்கள் பார்த்தபோது இன்னும் குறைந்திருந்தது. அதையும் போட்டோ எடுத்தோம், அது வேறு கதை.

அப்புறம் சாப்பாடு. விடியற்காலை நாலரைக்கு எழுந்து புளியோதரை கிளறி, அலுமினியத் தாளில் ஐந்து பொட்டலம் கட்டியிருந்தேன். சான் மார்க்கோ சதுக்கத்துப் பக்கம் ஒரு படியில் உட்கார்ந்து பிரித்ததுதான் தாமதம், பெருங்காய வாசனை நாலு பக்கமும் போனது. சீருடை போட்ட ஒரு பெண் வந்தார். கோபமில்லை, விரலை மட்டும் இடமும் வலமும் ஆட்டினார். அங்கே படியிலும் பாலத்திலும் உட்காரக்கூடாது, உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது; 100 முதல் 200 யூரோ அபராதம். 2019-இல் ரியால்டோ பாலத்தடியில் அடுப்பு வைத்துக் காபி போட்ட இரண்டு ஜெர்மானியர்களுக்கு 950 யூரோ தீட்டினார்கள். எங்களை அந்த அம்மா சும்மா விட்டார். தப்பு எங்கள்மேல்தான், விதியைப் படித்துவிட்டு வந்திருக்க வேண்டும். ஆனாலும் ஒன்று சொல்வேன்: போலோனியாவில் பியாட்சா மஜ்ஜோரே சதுக்கத்துத் தரையில் ராத்திரி வரை உட்கார்ந்து பழகியவனுக்கு, உட்கார இடமில்லாத ஊர் ஒரு மாதிரி கால்வலியாகத்தான் நினைவில் நிற்கிறது.

பொட்டலத்தைத் திரும்ப மடித்துக்கொண்டு தண்ணீரை ஒட்டியே கிழக்கே நடந்தோம். படகு பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட் 9.50 யூரோ, யாரும் வாயைத் திறக்கவில்லை. நடக்க நடக்கக் கூட்டம் கரைந்தது. மாஸ்க் கடைகள் போய் மளிகைக் கடைகள் வந்தன. சந்துக்கு மேலே வீட்டுக்கு வீடு கயிறு கட்டி, போர்வை காயப்போட்டிருந்தார்கள். அரை மணி நேரத்தில் சாந்த் எலேனா. பைன் மரங்கள், நிழல், பெஞ்சுகள், பந்து உதைக்கும் பையன்கள், பெஞ்சில் தூங்கும் ஒரு தாத்தா. அங்கேதான் சாப்பிட்டோம். எங்கள் பட்டியலில் இல்லாத இடம். அந்த நாளில் எனக்கு முழுசாக நினைவிருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். பட்டியலில் இருந்த முரானோ, புரானோ தீவுகள் இரண்டும் அப்படியே நின்றுபோயின, யாரும் வருத்தப்படவும் இல்லை.

அதனால் நான் கேட்டுக்கொள்வது கொஞ்சம்தான். ஒரே நாளில் பதினைந்து இடம் என்று பட்டியல் போடாதீர்கள். ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அங்கேயே சுற்றுங்கள். பாலத்தில் நிற்காதீர்கள், சந்தில் வலப்பக்கமாக ஒற்றை வரிசையில் நடங்கள். கொண்டோலா படகு அரை மணிக்கு 90 யூரோ, ஐந்து பேர்தான் ஏறலாம். அந்தக் காசு இல்லாவிட்டால் சாந்தா சோஃபியா துறையில் 2 யூரோவுக்குப் பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்கும் த்ரகெத்தோ என்ற படகு இருக்கிறது. இரண்டு நிமிடம்தான், ஆனால் அதுவும் கொண்டோலாதான். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், தெருக்குழாய்த் தண்ணீர் நன்றாக இருக்கும். பொட்டலத் தாளைப் பையிலேயே போலோனியாவுக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

முடிந்தால் நவம்பரில், வார நாளில் போங்கள். கட்டணம் இல்லை, கூட்டம் இல்லை. கடல் ஏறும் மாதம்தான், ஆனால் 2019 நவம்பர் 12-இல் 187 சென்டிமீட்டர் ஏறியதுபோல் இப்போது பயப்பட வேண்டாம். அடுத்த வருடமே கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்கும் மோசே தடுப்புகள் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டன. குளிரும், மூடுபனி கண்ணை மறைக்கும்.

நான் அப்படி இன்னொரு முறை போனேன், ஒரே ஒரு நண்பனோடு. ரயிலைப் பிடிக்க ஓடும்போது சந்தை அடைத்துக்கொண்டு ஒரு சுற்றுலாக் கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. "பெர்மெஸ்ஸோ" என்றேன். உடனே வழி விட்டார்கள். கார்டு மட்டும் அப்போதும் வந்திருக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் சீனியர் அண்ணன்
போலோனியா