தெருவிளக்கின் ஒளி தரையில் விழட்டும்: தருமபுரி மாவட்ட ஆட்சித் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். அரூர் வட்டத்தில், வீட்டு மொட்டைமாடியில் சிறிய தொலைநோக்கி வைத்து நெபுலாக்களையும் (விண்வெளியிலுள்ள வாயு, தூசு மேகங்கள்) விண்மீன் மண்டலங்களையும் (கேலக்ஸிகள்) படம்பிடிக்கும் ஆர்வலர்களில் நானும் ஒருவன். புதிய எல்இடி தெருவிளக்குகளும் உயர்கோபுர மின்விளக்குகளும் அமைக்கப்படும்போது, அவற்றின் ஒளி தரைக்கு மட்டுமே செல்லுமாறு விதிமுறை வகுத்துத் தர வேண்டுகிறேன்.

பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் நாம் இருப்பதால், ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து காணவே முடியாத ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து, நம் தென்வானில் 30 பாகை உயரம் வரை ஏறுகிறது. திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குவது இப்பகுதி வானத்தின் தகுதிக்குச் சான்று.

25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள அண்டிரோமேடா விண்மீன் மண்டலத்தின் மங்கிய ஓரங்களைப் பதிவுசெய்ய, சில நிமிடங்கள் ஒளியைச் சேர்க்கும் எக்ஸ்போஷர்களைப் பல மணி நேரம் எடுத்துக் கணினியில் அடுக்குகிறோம். விளக்குகளால் வெளுத்த வானத்தின் ஒளியைக் கணினியில் கழித்துவிடலாம். அதனோடு வந்து சேர்ந்த இரைச்சலை, அதாவது படத்தில் ஒழுங்கின்றித் தெரியும் புள்ளிகளை, கழிக்க முடியாது. பழைய சோடியம் விளக்கின் ஒளி பெரும்பாலும் மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் அடங்கியிருந்ததால் ஃபில்டர் அதை ஓரளவு தடுத்தது. வெள்ளை எல்இடியோ நீலம் முதல் சிவப்பு வரை பரவி நிற்கிறது. அதிலும் நீல ஒளிதான் காற்றில் மிகுதியாகச் சிதறுகிறது. ஹைட்ரஜன் வாயு 656 நானோமீட்டரில் ஒளிரும் நெபுலாக்களைக் குறுகிய அலைவரிசை ஃபில்டரால் இன்னும் மீட்க முடிகிறது. ஆனால் விண்மீன் மண்டலத்தின் ஒளி எல்லா நிறங்களிலும் பரந்திருப்பதால் அதற்கு அந்த வழியும் இல்லை. எங்கள் ஊர்ச் சந்திப்பில் உயர்கோபுர விளக்கு வந்தபின் எடுத்த படங்களில், எம்33 என்ற விண்மீன் மண்டலத்தின் வெளிச்சுருள்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய சாம்பல் நிறமே எஞ்சியது; கோபுரம் நிற்கும் பக்கத்து மூலை இன்னும் வெளுத்திருந்தது.

விளக்கே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. இரவில் வேலை முடிந்து திரும்பும் பெண்களுக்கும் யானை நடமாட்டமுள்ள ஊர்களுக்கும் அது உயிர்க்காப்பு. சாமந்தி பயிரிடுவோர் இரவில் பல்பு எரிப்பதையும் நான் குறை சொல்ல மாட்டேன். அது அவர்கள் பிழைப்பு. ஆனால் சாய்த்துப் பொருத்திய விளக்கு வானுக்கு அனுப்பும் ஒளியால் யாருக்கும் பயனில்லை. அதற்கும் ஊராட்சியே மின்கட்டணம் செலுத்துகிறது.

ஆகவே, விளக்குக்கான ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களிலேயே, ஒளி கிடைமட்டத்துக்கு மேல் செல்லாத மூடியும் 3000 கெல்வினுக்கு மிகாத, அதாவது நீலம் குறைந்து மஞ்சள் சாயல் கொண்ட, ஒளி நிறமும் கட்டாயம் என்று சேர்க்க வேண்டுகிறேன். உயர்கோபுர விளக்குகளின் சாய்வை இப்போதே சரிசெய்யலாம். அதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு தேவைப்படாது என நம்புகிறேன். லடாக்கின் ஹன்லேயில் 2022-இல் இருள்வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டதுபோல, சித்தேரி, வத்தல்மலை ஊர்களிலும் மக்களின் ஒப்புதலோடு இந்த விளக்கு மாற்றத்தை முதலில் செய்து பார்க்கலாம். விளக்கு மாற்றுவதற்கு முன்னும் பின்னும் வானத்தின் இருளை அளந்து தங்கள் அலுவலகத்துக்குத் தரும் வேலையை நாங்களே ஊதியமின்றிச் செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
அரூர் வட்டத்து வானியல் ஆர்வலர் ஒருவர்