ஸெட்டா தெரியாவிட்டாலும் விண்ணப்பி

அன்புள்ள செந்தில்,

அம்மாவின் முட்டி வலி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். நிம்மதியாக இருந்தது. அப்புறம், பண்பலை வேலை விஷயம். 'ஸெட்டா தெரிந்திருக்க வேண்டும்' என்று விளம்பரத்தில் இருப்பதால் விண்ணப்பிக்கவே யோசிக்கிறாயாமே. வேண்டாம்டா. ஸெட்டா என்பது நிலையத்தில் பாட்டு, விளம்பரங்களை வரிசைப்படி தானாக ஓட்டும் மென்பொருள். ஆர்.சி.எஸ். நிறுவனத்தின் அந்த மென்பொருளை வாங்கி வீட்டில் வைத்துப் பழகியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நிலையத்தில் சேர்ந்த பிறகுதான் எங்களுக்கெல்லாம் கை பழகியது.

அதே மாதிரி வேலை செய்யும் ரேடியோடிஜே என்ற மென்பொருளை நீ இறக்கிக்கொள். இலவசம், விண்டோஸில் ஓடும். பாட்டு விவரங்களைச் சேமிக்க அதற்கு ஒரு டேட்டாபேஸ் வேண்டும். மரியாடிபி என்ற டேட்டாபேஸை முதலில் நிறுவிக்கொள். லினக்ஸ் வைத்திருந்தால் ரிவென்டெல் இருக்கிறது, ஆனால் தொடக்கத்துக்கு அது கொஞ்சம் கடினம்.

ஐம்பது பாட்டு ஏற்றினால் போதும். ஒவ்வொன்றையும் முழுதாகக் கேட்டு கியூ பாயின்ட் வை: ஒலி தொடங்கும் இடம், முன்னிசை முடியும் இடம், அடுத்த பாட்டு நுழையும் இடம். முன்னிசை எத்தனை நொடி என்று தெரிந்தால்தான் அதன் மேல் பேசி, பாடகர் தொடங்கும் முன் நிறுத்த முடியும். நம் பாட்டுகளில் பல்லவிக்கு முன்னால் ஹம்மிங் வரும். அதன் மேல் நான் பேசவே மாட்டேன். ஹம்மிங் தொடங்கும் இடத்தையே முன்னிசை முடியும் இடமாகக் குறித்துவிடுவேன்.

நான் முதலில் சேர்ந்த நிலையத்தில் ஓர் இரவு, பழைய பாட்டு ஒன்றுக்கு அடுத்த பாட்டு நுழையும் இடத்தைக் குறிக்காமல் விட்டுவிட்டேன். கோப்பின் கடைசியில் 14 நொடி வெறுமை. அது அப்படியே காற்றில் போனது. அந்த நிசப்தம் இன்னும் காதில் இருக்கிறது. மென்பொருளே இடத்தைக் கண்டுபிடித்துக் குறிக்கும் வசதி உண்டு. ஆனால் மெல்லத் தேய்ந்து முடியும் பாட்டுகளில் அது தவறிவிடும். காதால் கேட்டுச் சரிபார்.

பிறகு ஒரு மணி நேரத்துக்கு கிளாக் போடு. எந்த நிமிடத்தில் ஜிங்கிள் (நிலையத்தின் பெயர் சொல்லும் சின்ன இசை), எங்கே விளம்பரம், எப்போது புதுப் பாட்டு, எப்போது பழையது என்று. இடையிடையே உன் குரலைப் பதிந்து வை. இதைத்தான் வாய்ஸ் டிராக்கிங் என்பார்கள்.

நேர்காணலில் ஸெட்டா தெரியும் என்று சொல்லிவிடாதே. ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். "ரேடியோடிஜேயில் கிளாக் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டியிருக்கிறேன்" என்று சொல்லி, அந்தப் பதிவை பென் டிரைவில் கொடு. புதியவர்களை எடுக்கும்போது நான் பார்ப்பது அதைத்தான்.

டேட்டாபேஸ் இணைப்பில் சிக்கினால் ஞாயிறு மாலை கூப்பிடு, வீட்டில்தான் இருப்பேன். பதிவு முடிந்ததும் முதலில் எனக்கு அனுப்பு. கல்லூரி மேடைக்குப் பிறகு உன் குரலை மைக்கில் கேட்டதே இல்லை.

அன்புடன்,
குமார்