தண்ணீருக்கு நடுவே ஒரு கிணறு

மியூனிக்,
26.11.2025

அன்புள்ள ஓவர்சியருக்கு,

செயற்பொறியாளராக ஓய்வு பெற்ற பிறகும் உன்னை ஓவர்சியர் என்று கூப்பிடுவது நான் ஒருவன்தான் என்று குறைப்பட்டு எழுதியிருந்தாய். ஹாஸ்டலில் வைத்த பெயரடா அது. அரசாங்கம் கொடுத்த பதவி உயர்வெல்லாம் அதன்மேல் செல்லாது. மதினிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் நிம்மதி. பிசியோதெரபி வலிக்கிறது என்று பாதியில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள். இங்கே மகளும் மாப்பிள்ளையும் சௌக்கியம். பேத்தி என்னைத் தாத்தா என்று ஒரு தடவையும் ஜெர்மனில் ஏதோ சொல்லி ஒரு தடவையுமாகக் கூப்பிடுகிறாள்.

உன் கடிதத்தின் கடைசி வரிதான் எனக்கு உறுத்துகிறது. பின்கட்டுக் கிணற்றைத் தூர்த்துவிட்டுக் கார் ஷெட் போடப் போகிறாயாமே? அதற்கு வருகிறேன். முதலில் வெனிஸ் கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திரும்பினோம், நானும் என் வீட்டம்மாவும் மட்டும்.

ரயில் பிரென்னர் கணவாய் வழியாக ஆல்ப்ஸைத் தாண்டி இறங்குகிறது. கரையில் இருக்கும் மெஸ்த்ரே ஸ்டேஷனை விட்டதும் இரண்டு பக்கமும் தரை காணாமல் போய்விடும். 1846-இல் திறந்த பாலம். பாம்பன் பாலத்தில் போகும்போது வயிற்றுக்குள் ஒன்று புரளுமே, அது இங்கே இல்லை. காயல் அவ்வளவு சாது. ஸ்டேஷன் வாசலில் படிக்கட்டு, படிக்கட்டின் கீழே பெரிய கால்வாய். ஆட்டோ கிடையாது, பஸ் கிடையாது, வாபரெத்தோ என்கிற படகுதான். ஒரு டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். ரூபாயில் கணக்குப் போடாதே, நான் போட்டுப் பார்த்து அன்றைய சாப்பாட்டை ரசிக்க முடியாமல் போனேன்.

கரையோரத்து மாளிகைகளைப் படத்தில் நிறையப் பார்த்திருப்பாய், விட்டுவிடுகிறேன். என் கண் போனது அவற்றின் காலடிக்கு. கீழே நாலைந்து அடிக்கு வெள்ளைக் கல், அதற்கு மேல் செங்கல். கல் இஸ்திரியா தீபகற்பத்திலிருந்து வந்தது. தண்ணீரை உறிஞ்சாது. ஈரம் சுவரில் ஏறாமலிருக்க நாம் டி.பி.சி. போடுகிறோமே, அதே வேலை. சிக்கல் என்னவென்றால் கடல் ஏறிவிட்டது, நிலமும் கொஞ்சம் இறங்கிவிட்டது. எதிர்க்கரையில் மார்கேரா தொழிற்பேட்டைக்காக வருஷக்கணக்கில் நிலத்தடி நீரை உறிஞ்சியதற்கும் அதில் பங்குண்டு. 1970-களில்தான் நிறுத்தினார்கள். இப்போது தண்ணீர் கல்லைத் தாண்டிச் செங்கல்லைத் தொடுகிறது. ஒரு சந்துச் சுவரில் உப்புப் பூத்த செங்கல்லை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், மாவாக உதிர்ந்தது. "ஊரான் வீட்டுச் சுவர்" என்று வீட்டம்மாவிடமிருந்து கையில் ஓர் அடி விழுந்தது.

அங்கே மட்டம் பார்க்கப் பழைய காலத்து பெஞ்ச் மார்க் ஒன்று உண்டு, உனக்குப் பிடிக்கும். தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில் பாசி ஒரு பச்சைக் கோடு போட்டுவிடுமல்லவா, அந்தக் கோட்டின் மட்டத்தில் கல்லில் 'சி' என்ற எழுத்தைச் செதுக்கி வைத்துக்கொண்டு அளந்திருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் கனலெத்தோ என்ற ஓவியர் கட்டடங்களை வரையும்போது அந்தப் பாசிக்கோட்டையும் விடாமல் போட்டிருக்கிறார். பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் படத்துக் கோட்டையும் இன்றைய கோட்டையும் ஒப்பிட்டு, தண்ணீர் ஏறக்குறைய 60 செ.மீ. ஏறியிருக்கிறது என்று கணக்கிட்டார்கள். ஓவியன் எழுதி வைத்த எம்-புக், நம் அளவுப் புத்தகம்!

நாங்கள் போன வெள்ளிக்கிழமை நவம்பர் 21. அது அந்த ஊர்க்காரர்களின் நேர்த்திக்கடன் நாள் என்பது போன பிறகுதான் தெரிந்தது. 1630-இல் வந்த பிளேக்கில் நகரத்தில் மூன்றில் ஒருவர் போல மாண்டுபோனார்கள். நோய் தணிந்தால் மாதாவுக்குக் கோயில் கட்டுவதாக வேண்டிக்கொண்டு, 1631-இல் தொடங்கி 1687-இல் முடித்தார்கள். சலூத்தே கோயில். சலூத்தே என்றால் உடல்நலம். ஒவ்வொரு வருஷமும் இந்த நாளுக்காகப் பெரிய கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போடுகிறார்கள். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டும், தள்ளுவண்டியில் பாட்டியை வைத்துக்கொண்டும் ஊரே அதன்மேல் நடந்து போகிறது. வாசலில் மெழுகுவத்திக் கடை, பலூன், எண்ணெயில் பொரித்த பண்டம். கேமராக்காரர்களைவிட உள்ளூர்க்காரர்கள் அதிகமாக இருந்ததை அந்த மூன்று நாளில் அங்கே மட்டும்தான் பார்த்தேன்.

என் வீட்டம்மா மதினியின் காலுக்காக ஒரு நீள மெழுகுவத்தி வாங்கினாள். கம்பிக்குப் பின்னால் நின்ற பையன் அதை வாங்கி, ஏற்றி, செருகி, அடுத்த கூட்டம் வந்ததும் பிடுங்கி ஊதி ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டான். ஒரு நிமிடம்கூட எரியவில்லை. அன்று ராத்திரி முழுக்க அதே புலம்பல். இத்தனை ஆயிரம் பேருக்கு அவன் என்ன செய்வான்? எரிந்த ஒரு நிமிடம் மதினி கணக்கில் சேர்ந்துவிட்டது என்று சொல்லிவிடு.

திரும்பும்போது வழி தப்பியது. அங்கே வீட்டு எண் தெருவுக்கு இல்லை, பேட்டைக்கு. எங்கள் அறை இருந்த காஸ்தெல்லோ பேட்டையில் எண் 6828 வரை போகிறது. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் கால்வாய் கிடக்கும். 'சான் மார்கோ' என்று சுவரில் எழுதி, இடப்பக்கம் ஓர் அம்பு, வலப்பக்கம் ஓர் அம்பு! மூன்று தடவை சந்து போய்த் தண்ணீரில் முடிந்தது, போனில் இருந்த வரைபடமும் கூடச் சேர்ந்து விழித்தது. கடைசியில் கைவண்டி தள்ளி வந்த ஒருவர் வழி காட்டினார். அந்த வண்டியை நீ பார்க்க வேண்டும். பெரிய சக்கரம் இரண்டு பின்னால், சின்னச் சக்கரம் இரண்டு முன்னால் நீட்டிக்கொண்டு. பாலத்துப் படியில் சின்னச் சக்கரத்தை ஊன்றி, பெரியதைத் தூக்கி, மறுபடி ஊன்றி, ஒவ்வொரு படியாக ஏறுகிறார். நானூறுக்கு மேற்பட்ட பாலம், ஏறக்குறைய அத்தனையும் படிக்கட்டு. அரிசி மூட்டையிலிருந்து வாஷிங் மெஷின் வரை படகில் வந்து, அப்புறம் இப்படித்தான் ஏறி இறங்குகிறது.

சனிக்கிழமை காலை ரியால்தோ மீன் சந்தை. தூணோரம் ஒரு சலவைக்கல் பலகை, எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்று. விலாங்கு 25, மத்தி 7. உங்கள் ஊர்ச் சாளைக்கு உறவு. அதைப் பொரித்து, வதக்கிய வெங்காயம், வினிகர், உலர்திராட்சை போட்டு ஊறவைத்து மறுநாள் சாப்பிடுகிறார்கள். கடலுக்குப் போகிறவர்கள் கெடாமல் எடுத்துப்போகக் கண்டுபிடித்ததாம். எனக்குப் பிடித்தது. உனக்குத் திராட்சைதான் இடிக்கும்.

அங்கிருந்து பாலம் தாண்டினால் ஒரு மருந்துக்கடை. கண்ணாடி ஜன்னலில் மின்னெழுத்தில் நகரவாசிகளின் எண்ணிக்கை. 1951-இல் 1,75,000 பேர் போல இருந்த பழைய நகரம், 50,000-க்குக் கீழே வந்து மூன்று வருஷம் ஆகிறது. வீடெல்லாம் சுற்றுலாக்காரருக்கு வாடகைக்குப் போய்விட்டது, எங்கள் அறையும் அப்படி ஒன்றுதான். கூட்டத்தைக் குறைக்க 2024 முதல் வசந்தகாலத்திலும் கோடையிலும் சில நாட்களில், பகலில் வந்து போகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் போடுகிறார்கள். தங்கப் போகிறவனை அது தொடாது. வீட்டை வாடகைக்குப் பிடித்தவனே தங்கப் போகிறவன்தானே!

சான் மார்கோ பெரிய சதுக்கத்தில் கூட்டத்தைத் தவிர, வெள்ளத்துக்காக அடுக்கி வைத்திருக்கும் பலகை மேடைகளையும் பார்த்தேன். சீனப் பெண்கள் சிலர் அவற்றைப் பெஞ்சாக்கி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் தண்ணீரைப் பார்த்து நிற்கும் கட்டடம் பழைய நாணயச்சாலை. வெனிஸ் தங்கக்காசு 1284-இல் தொடங்கி, நெப்போலியன் வந்து 1797-இல் குடியரசு கவிழும் வரை அடித்தார்கள். மிளகுக்காக வந்த அந்தக் காசு உங்கள் பக்கம் காசுமாலையிலும் ஏறியிருக்கிறது. மாற்கு புனிதரின் முன்னால் மண்டியிட்டுக் கொடிக்கம்பைப் பிடித்திருக்கும் வெனிஸ் குடியரசின் தலைவரை, பனை ஏறும் ஆள் என்று நம் ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். பார்க்கிறவன் கண்ணில் பனைதானே நிற்கும்.

இனி உன் கிணறு.

வெனிஸில் சின்னச் சதுக்கங்களை காம்போ என்பார்கள். ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு கல் கிணறு. சுற்றிலும் உப்புத் தண்ணீர், எப்படிக் கிணறு? அது கிணறே இல்லை, கிணறு வேஷம் போட்ட தொட்டி. ஐந்தாறு மீட்டர் ஆழத்துக்குப் பெரிய பள்ளம் வெட்டி, கடல்நீர் கசியாதபடி உள்ளே களிமண் பூசுகிறார்கள். நடுவில் செங்கல் உறை. உறைக்கும் களிமண்ணுக்கும் நடுவில் ஆற்றுமணல். மேலே கல் பாவி, சுற்றிலும் துளையிட்ட கற்கள். மழை அந்தத் துளை வழியாக இறங்கி, மணலில் வடிந்து, உறைக்குள் ஊறும். கடல் ஏறினால் கிணறு கெடாமலிருக்கச் சில இடத்தில் மேடையையே இரண்டு படி உயர்த்தியிருக்கிறார்கள். மூடியைப் பூட்டி வைத்து, காலையும் மாலையும் மணியடித்துத் திறந்து விட்டிருக்கிறார்கள். இப்படி 6,000-க்கு மேல். ஒரு கிணற்றடியில் நாய்க்கும் பூனைக்கும் என்று குட்டித் தொட்டி செதுக்கியிருந்தது. கிணற்றின் விளிம்பு, மொண்டு மொண்டு, நடுவில் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். 2003-இல் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று உத்தரவு வந்தபோது, அரசுக் கட்டடத்துக்கெல்லாம் குழி வெட்டி மணல் அடித்த நீதான் நினைவுக்கு வந்தாய். மணலுக்குப் பதில் கட்டட இடிபாட்டைக் கொட்டிய ஒப்பந்தக்காரனை நீ விரட்டியதும்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். 1884-இல் குழாய்த் தண்ணீர் வந்ததும் அவர்களும் மூடிவிட்டார்களே என்பாய். மூடினார்கள், இரும்பு மூடி போட்டு. எல்லாவற்றையும் தூர்த்துவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஓடும் லீதோ தீவுக்குப் போய், கடல் காயலுக்குள் நுழையும் வாயைப் பார்த்தோம், வெள்ளத் தடுப்பு ஷட்டர் இருப்பது அங்கேதான். 2019 நவம்பர் 12-ஆம் தேதி தண்ணீர் அவர்களுடைய அளவுகோலில் 187 செ.மீ. வந்து ஊரை நாசமாக்கியது. மறு வருஷம் அக்டோபர் 3-ஆம் தேதி முதல் தடவையாக ஷட்டரைத் தூக்கினார்கள். இப்படி மூன்று வாய்களிலும் சேர்த்து மொத்தம் 78 ஷட்டர். நம்மூர் மதகு மாதிரி மேலிருந்து இறங்குவதில்லை. வயிறு நிறையத் தண்ணீரோடு அடியில் படுத்திருக்கும். 110 செ.மீ.க்கு மேல் வரும் என்று தெரிந்தால் காற்றை அடித்துத் தண்ணீரை வெளியேற்றுவார்கள், கீல் முனையில் எழுந்து நிற்கும். அன்று கடல் அமைதி, எல்லாம் கீழே படுத்திருந்தன. பார்க்க வெறும் தண்ணீர்தான். "இதைப் பார்க்கவா பஸ் பிடித்து வந்தோம்?" என்று கேட்டவளுக்கு என்னிடம் பதில் இல்லை. நீ இருந்திருந்தால் இருவரும் ஒரு மணி நேரம் நின்றிருப்போம்.

ஜனவரி இரண்டாம் வாரம் ஊர் வருகிறேன். நாகர்கோவில் வந்து இரண்டு நாள் இருப்பேன். அதுவரை மண் லாரியை வரச் சொல்லாதே. உன் மொட்டைமாடி எத்தனை சதுர அடி என்று அளந்து வை, குழாய் எந்தப் பக்கம் இறங்குகிறது என்றும் பார். கார் ஷெட்டைத் தெருப்பக்கம் நகர்த்த முடியுமா என்று ஒரு கோடு போட்டுத்தான் பார்ப்போமே. மதினியிடம் இதைப் படித்துக் காட்டும்போது மெழுகுவத்தியை அணைத்ததை மட்டும் விட்டுவிடு.

அன்புடன்,
உன் பழைய அறைவாசி