மக்காச்சோள மாவு என்று விற்ற பசை மாவு குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

ஐயா,

வணக்கம். ஆறு முறை தொலைபேசியில் பேசி, மூன்று மின்னஞ்சல் அனுப்பி, ஓக்லாவில் உள்ள தங்கள் கிளை அலுவலகத்துக்கும் ஒருமுறை அலைந்த பிறகு இதை எழுதுகிறேன். என் புகார் எண் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. உங்கள் கணினியில்தான் அது இல்லையாம்.

எந்த மாவு என்று உங்களுக்கே தெரியும். அந்த மஞ்சள் பாக்கெட்தான். முன்பக்கம் கதிர், பின்பக்கம் வாழையிலையில் புட்டு. தங்கள் இணையதளத்திலேயே நேரடியாக நான்கு பாக்கெட் வாங்கினேன். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் மக்காச்சோளப் புட்டு கேட்டார். அவர் பெரம்பலூர்க்காரர்; அந்தப் பக்கம் மக்காச்சோளம் எவ்வளவு விளைகிறது என்று மாவு விற்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரித்தால் வெள்ளை வெளேரென்று, முகப் பவுடர் போல இருந்தது. வெள்ளை மக்காச்சோளமும் உண்டே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். லேசாக வறுத்து, உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசிறினேன். புட்டு மாவு என்றால் பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். இதுவோ அழுத்தினால் கல்லாக இறுகியது, கையை விரித்தால் விரலிடுக்கில் வழிந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். பாக்கெட்டில் போட்டிருந்த படத்தை நம்பி, இட்லிப் பானையில் ஈரத்துணி விரித்து அவித்தேன். திறந்து பார்த்தால் கண்ணாடி போல மினுங்கும் ஒரு பசைக்கட்டி. சுவரொட்டி ஒட்டத்தான் ஆகும்.

உள்ளே இருந்தது முழு மணியை அரைத்த மாவே அல்ல. உமியும் முளையும் நீக்கி ஸ்டார்ச்சை மட்டும் பிரித்தெடுத்த கார்ன் ஃப்ளார். சூப்பைக் கெட்டியாக்கப் போடுவது. குளிர்காலத்தில் தில்லியில் எந்த மளிகைக் கடையில் கேட்டாலும் மக்காச்சோள மாவான மக்கி ஆட்டா வேறு, கார்ன் ஃப்ளார் வேறு என்று பிரித்துக் கொடுப்பார்கள். மாவுக் கம்பெனிக்கு அது தெரியாதா?

தெரியாது போலிருக்கிறது. நான்காவது அழைப்பில் பேசிய தங்கள் ஊழியர் சொன்னது இது: “மேடம், புட்டை அரிசி மாவில்தான் செய்வார்கள். உங்களுக்குச் செய்யத் தெரியாததற்கு நாங்கள் என்ன செய்வது?” பின்னால் யாரோ சிரித்ததும் கேட்டது. இருபத்தெட்டு வருடமாகப் புட்டு அவிக்கிறேன், ஐயா. அந்தத் தம்பிக்கு அவ்வளவு வயதுகூட இருக்காது.

ஓக்லா கதையைச் சொல்லவில்லையே. ஜனவரி மூடுபனியில் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஆர்.கே.புரத்திலிருந்து மெட்ரோவில் ஓக்லா என்எஸ்ஐசி வரை போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்து வந்தால், இணையதளத்தில் வாங்கியதை இங்கே கவனிப்பதில்லை என்று வாசலிலேயே காவலாளி சொல்லிவிட்டார். பையில் இரண்டு கிலோ மாவு. உட்காரக்கூடச் சொல்லவில்லை. இணையதளப் பிரிவைக் கேட்டால் கிளைக்குப் போங்கள் என்றுதானே சொன்னீர்கள்!

மாவின் விலை 340 ரூபாய். ஆனால் நாட்டுச் சர்க்கரை, இரண்டு தேங்காய், பாழாய்ப்போன இட்லித் துணி, ஒரு நாள் சம்பளம், ஆட்டோ கூலி, மாமியார் முன்னால் போன என் மானம் எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய் கேட்கிறேன். அதிகம் என்று தோன்றினால் தாங்களே வந்து அந்தப் பானையைத் தேய்த்துப் பார்க்கலாம்.

தயவுசெய்து இதைப் பகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தங்கள் ராகி மாவைப் பல வருடமாக வாங்குகிறேன், குறையே சொன்னதில்லை. ஆனால் இணையவழி வணிகத்துக்கான 2020 விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இரண்டுமே நடக்கவில்லை. பத்து நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்வேன். பிறகு நுகர்வோர் ஆணையம். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. மீதி மூன்று பாக்கெட்டையும் பிரிக்காமல் சாட்சிக்கு வைத்திருக்கிறேன்.

பணம் வருவதற்கு முன்னால் அந்த நான்காவது அழைப்புத் தம்பி மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னிடம் வேண்டாம், என் மாமியாரிடம். பிற்பகல் மூன்று மணிக்குமேல் அழைக்கச் சொல்லுங்கள். அதற்குமுன் அவர் தூங்குவார்.

இப்படிக்கு,
ஆர்.கே.புரம் வாடிக்கையாளர்,
புது தில்லி