ஞாயிறு வேலைக்கு மூடி சேர்ப்பவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, இந்த முறை புட்டி மூடிகளால் சுவர்த்தொங்கல் செய்ய நாம் எடுத்துக்கொள்வது சிற்பி எல் அனட்சுயியின் வழி. 1944இல் கானாவில் பிறந்து, நைஜீரியாவின் நுசுக்காவில் நெடுங்காலம் சிற்பம் கற்பித்தவர். மதுப்புட்டி மூடிகளைச் செம்புக் கம்பியால் கோத்துச் சுவர் நிறையத் தொங்கவிடுவார். உலோகம் துணிபோல மடிந்து விழும். குறுகிய பட்டைகளாக நெய்து பிறகு தைத்துச் சேர்க்கும் கானாவின் கெந்தேத் துணியின் சாயல் அதில் தெரியும். நாமும் பட்டை பட்டையாகவே கட்டுவோம்.

அலுமினியத் திருகுமூடி மட்டும் கொண்டுவாருங்கள். சோடா மூடி இரும்பு, துருப்பிடிக்கும். ஒரு சதுர அடிக்கு 50 துண்டு போதும், ஆனால் சில கிழியும், 60 எடுத்து வையுங்கள். அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பி 10 மீட்டர்.

உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வில்லையை எடுத்துவிட்டுக் கழுவுங்கள். மேல்வட்டத்தை வெட்டி நீக்கி, பக்கத்தைப் பிளந்தால் 9 செ.மீ. நீளப் பட்டை கிடைக்கும். விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், கையுறை கட்டாயம். மரப்பலகையில் வைத்து மரச்சுத்தியலால் தட்டுங்கள். சிமெண்டுத் தரையில் தட்டினால் வண்ணம் உரிந்துவிடும், அழகே அந்த வண்ணத்தில்தான்.

நான்கு மூலையிலும், விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி ஆணியால் ஓட்டை. அதைவிட ஓரமாகப் போட்டால் தொங்கும்போது பிய்ந்துவிடும். ஓட்டைகளில் செம்புக் கம்பியைக் கோத்து, பக்கத்துத் துண்டோடு சேர்த்து முறுக்குங்கள். முறுக்கை இறுக்காதீர்கள். துண்டுகளுக்கிடையே 3 மி.மீ. தளர்வு இல்லையென்றால் மடிப்பே விழாது, வெறும் தகரப் பலகையாகிவிடும்.

ஈரச் சுவரில் மாட்டவே வேண்டாம்: செம்பு தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும்.